பூட்டுத்தகட்டைக் கழற்றிக் காட்டுங்கள்

அமெரிக்காவில் பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளை மதிப்பிட்டு விற்கும் வணிகர்களுக்கும் ஏல நிலையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்



விற்பனைக்கு வரும் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்களை நீங்கள் எவ்வளவு கருத்தோடு ஆராய்கிறீர்கள் என்பதை உங்கள் விற்பனைக் குறிப்புகளைப் படிப்போர் நன்கு அறிவர். குழலின் உள்விட்டம், அதன் சுவரின் கனம், தோட்டா அமரும் அறையின் நீளம், ஈயக் குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்துவதற்காகக் குழல் முனையில் வைக்கப்படும் சோக் என்னும் குறுக்கம் ஆகிய பலவும் அளந்து எழுதப்படுகின்றன; இவற்றுள் சில அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமாகத் தரப்படுகின்றன. ஆனால் அந்தக் குழல்களைத் தாங்கி, ஒவ்வொரு வெடிப்பின் பின்னுதைப்பையும் ஏற்றுச் சுடுபவரின் தோளுக்குக் கடத்தும் மரக்கட்டையைப் பற்றி, வயதுக்குரிய சிறு விரிசல் உண்டு என்பதுபோல் ஒரு வரி எழுதப்படுகிறது. பல குறிப்புகளில் அந்த வரியும் இருப்பதில்லை. இரும்புக்கு அளவுகோல், மரத்துக்கு ஒரு பார்வை என்னும் இந்த வழக்கம் வாங்குவோருக்கும், தம் துப்பாக்கியை நம்பி உங்களிடம் ஒப்படைப்போருக்கும், அந்தத் துப்பாக்கிக்குமே தீங்கு செய்கிறது என்பதை எடுத்துச் சொல்லவும், அதை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளவும் இம்மடல் எழுதப்படுகிறது.

இக்குறையை எல்.சி. ஸ்மித் துப்பாக்கி தெளிவாகக் காட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தின் சிரகியூஸ் நகரில் லைமன் கார்னீலியஸ் ஸ்மித் தொடங்கி, பின்னர் அதே மாநிலத்தின் ஃபுல்டனில் ஹண்டர் சகோதரர்களின் நிறுவனம் 1945 வரை தொடர்ந்து செய்துவந்த இத்துப்பாக்கியின் இரும்புப் பகுதிகளுக்கு நீங்கள் பாடும் புகழ் தகுதியானதே. அலெக்சாண்டர் பிரவுன் வடிவமைத்த சுழல்தாழ், தேயத் தேயத் தானே மேலும் உள்ளே நகர்ந்து பிடித்துக்கொள்வதால், நூறாண்டு கடந்த துப்பாக்கியிலும் குழல்கள் இரும்புச் சட்டத்தோடு ஆடாமல் பொருந்தி நிற்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரும்பு இறுக்கமாக இருப்பதைக் கண்டு முழுத் துப்பாக்கியும் உறுதியானது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். வாங்குவோரும் அதை நம்புகின்றனர். ஆனால் இந்தத் துப்பாக்கியில் முதலில் தளர்வது பெரும்பாலும் இரும்பன்று, பூட்டுத்தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் மரமே.

அதன் காரணம் அமைப்பிலேயே உள்ளது. பார்க்கர், ஃபாக்ஸ் போன்ற துப்பாக்கிகளில் தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் குதிரையும் அதன் வில்லும் உள்ளிட்ட பூட்டுறுப்புகள் இரும்புச் சட்டத்தின் உள்ளேயே அடங்கியிருக்கின்றன. எல்.சி. ஸ்மித்தில் அவை இருபுறமும் தனித்தனித் தகடுகளின் உட்பக்கத்தில் பொருத்தப்பட்டுள்ளன; இதற்குச் சைடுலாக், அதாவது பக்கப்பூட்டு, என்று பெயர். அந்தத் தகடுகளும் அவற்றின் உறுப்புகளும் அமர்வதற்காக, கட்டையின் தலை எனப்படும் முன்பகுதி, அதாவது மரம் இரும்புச் சட்டத்தின் பின்முகத்தோடு சேரும் இடம், இரு பக்கத்திலும் ஆழமாகக் குடையப்படுகிறது. சட்டத்திலிருந்து பின்னோக்கி நீளும் டாங் என்னும் வால்பட்டைக்காக மேலேயும், விரலால் இழுக்கும் விசைகளைத் தாங்கும் தகட்டுக்காகக் கீழேயும் மரம் எடுக்கப்படுகிறது. இவ்வளவும் போக எஞ்சும் மரம் மிகக் குறைவு. பின்னுதைப்பு முழுவதையும் அதுதான் தாங்கவேண்டும்.

கட்டையின் தலை சட்டத்தின் பின்முகத்தோடு முழுப் பரப்பிலும் ஒரே சீராகத் தொட்டு நிற்கும்வரை அந்தச் சுமை பகிர்ந்து தாங்கப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் சுருங்குகிறது; அதுவும் நாரோட்டத்தின் நீளவாட்டில் மிகச் சிறிதாகவும் குறுக்குவாட்டில் கூடுதலாகவும் சுருங்குவதால், செய்தபோது இறுகப் பொருந்தியிருந்த குடைவுகள் இளகித் திருகாணிகள் தளர்கின்றன. தளர்ந்தபின் ஒவ்வொரு வெடிப்பிலும் சட்டம் மயிரிழையளவு பின்வாங்க, தலைப்பரப்பு தாங்கவேண்டிய உதைப்பைப் பூட்டுத்தகட்டின் பின்முனையும் வால்பட்டையின் நுனியும் தாங்க நேர்கிறது. விறகில் இறங்கும் ஆப்பைப் போல அவை மரத்தை நாரோட்டத்தின் வழியே பிளக்கின்றன. நீங்கள் சிறு விரிசல் என்று எழுதிக் கடந்துபோவது பெரும்பாலும் இந்தப் பிளவின் வெளிப்பக்கத்து நுனியைத்தான்.

இதனோடு எண்ணெயும் சேர்கிறது. துப்பாக்கியைப் பேணுவதாக எண்ணிப் பூட்டுகளில் தாராளமாக எண்ணெய் விட்டு, குழல்முனை மேல்நோக்க அலமாரியில் நிறுத்தி வைப்பது பல குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. அவ்வாறு நிறுத்தப்பட்ட துப்பாக்கியில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வழிந்திறங்கிக் கட்டையின் தலையில் ஊறுகிறது. ஊறிய மரம் கறுத்து, மென்மையாகி, சட்டத்தின் அழுத்தத்தில் நசுங்குகிறது. அதில் பின்னர் பிளவு உண்டானால் பசையும் பிடிப்பதில்லை. பழைய துப்பாக்கியில் புதிய கனத்த தோட்டாக்களைச் சுடுவது அடுத்த காரணம். 1920களில் மெதுவாக எரியும் வெடிமருந்துகளைக் கொண்ட வலிய தோட்டாக்கள் பரவியபோது, அதற்கு முந்தைய மிதமான தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளும் அவற்றைச் சுடவேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஏழரைப் பவுண்டு எடையுள்ள 12 போர் என்னும் குழல்விட்ட அளவுள்ள துப்பாக்கியில், 7/8 அவுன்ஸ் குண்டுகளை மிதமான வேகத்தில் செலுத்தும் தோட்டாவோடு ஒப்பிட்டால், 1¼ அவுன்ஸ் குண்டுகளை மிகு வேகத்தில் செலுத்தும் தோட்டா தரும் பின்னுதைப்பின் ஆற்றல் இருமடங்கிற்கும் மேல். தோட்டா அறையின் நீளத்தை அளந்து எழுதும் நீங்கள், கட்டையின் தலை எத்தகைய தோட்டாவைத் தாங்கும் நிலையில் உள்ளது என்பதை எழுதாமல் விடுவது முறையாகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

விரிசல்கள் அனைத்தும் ஒன்றல்ல என்பதை உங்களுள் மூத்தவர்கள் அறிவர். அந்த அறிவு எழுத்தில் வருவதில்லை என்பதே வருத்தம். பூட்டுத்தகட்டின் பின்முனையிலிருந்து நாரோட்டத்தின் வழியே ஓரிரு அங்குலம் ஓடும் மயிரிழை விரிசல், எண்ணெய் ஊறாத மரத்தில் இருந்தால், காரணத்தைக் களைந்து ஒட்டியபின் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். வால்பட்டையின் நுனிக்குப் பின்னால் தோன்றும் விரிசல், சட்டம் பின்வாங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி. அதை ஒட்டுவதால் மட்டும் பயனில்லை. கட்டையின் அடிமூலையில், நாரோட்டம் சாய்ந்து வெளியேறும் இடத்தில் சிம்பு பெயர்ந்திருப்பது தோற்றக் குறை. உறுதியை அது பாதிப்பதில்லை. குழலுக்கடியில் கைபிடிக்கும் முன்கட்டையின் மெல்லிய ஓரத்தில் வரும் விரிசலும் பெரும்பாலும் எளிதில் செப்பனிடத்தக்கது. ஆனால் பிடிக்கழுத்தில், அதாவது விசைக்குப் பின்னால் கை சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில், நாரோட்டத்தைக் குறுக்கே வெட்டி மறுபுறம் வரை செல்லும் பிளவு, துப்பாக்கி எப்போதோ கீழே விழுந்தோ மிதிபட்டோ முறிந்ததைச் சொல்கிறது. அத்தகைய கட்டையைத் தேர்ந்த கைவினைஞர் ஆராய்ந்து ஒப்புதல் தரும்வரை ஒரு தோட்டாவும் சுடக்கூடாது. இந்த ஐந்து நிலைகளையும் ஒரே வரியில் அடக்கும் குறிப்பு வாங்குவோருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

இது பணத்தோடு மட்டும் நிற்கும் செய்தியன்று. பக்கப்பூட்டு அமைப்பில், குதிரையைப் பின்னிழுத்த நிலையில் நிறுத்திவைக்கும் சியர் என்னும் நெம்புகோல் பூட்டுத்தகட்டோடு சேர்ந்தது. அதைத் தள்ளி விடுவிக்கும் விசையோ கீழ்த்தகட்டோடு சேர்ந்தது. இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை ஓரளவு மரமே காக்கிறது. மரம் நசுங்கியோ பிளந்தோ அந்தத் தொலைவு மாறும்போது, விசை தேவைக்குமேல் நெருங்கி நிற்கலாம். ஒரு குழலின் அதிர்விலேயே மறு குழலும் வெடித்துவிடும் நிலையும் நேரலாம். ஆகவே கட்டையின் தலையைப் பற்றிய உண்மையை மறைப்பவர் துப்பாக்கியை ஏந்துபவரின் பாதுகாப்பையும் சேர்த்தே மறைக்கிறார்.

உண்மையை அறிவது கடினமா என்றால், உங்கள் பணிமேசையில் அரைமணி நேரத்தில் அது முடியும். தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, குழல்களைக் கழற்றி வைத்தபின், சட்டத்தை ஒரு கையிலும் கட்டையை மறு கையிலும் பிடித்து இலேசாக முறுக்கினால், உயிருள்ள விரிசல் திறந்து மூடுவதைச் சாய்ந்த வெளிச்சத்தில் காணலாம். சில கட்டைகளில் அப்போது எண்ணெய் கசிந்து வெளிவருவதும் உண்டு. மேற்பூச்சின் வெடிப்பையும் மரத்தின் வெடிப்பையும் பிரித்தறியும் வழியும் நீங்கள் அறிந்ததே: விரைவில் ஆவியாகும் நாஃப்தா போன்ற திரவத்தை, பூச்சுக்கு ஊறு செய்யாது என்று மறைவான ஓரிடத்தில் சோதித்தபின் தடவித் துடைத்தால், மேற்பரப்பு உலர்ந்த பின்னும் மரத்துக்குள் இறங்கிய விரிசல் ஈரக்கோடாகச் சிறிது நேரம் நிற்கும். இவற்றுக்கெல்லாம் மேலானது, திருகாணியின் பள்ளத்திற்குச் சரியாகத் தேய்த்தமைத்த திருப்புளியால் பூட்டுத்தகடுகளைக் கழற்றி உட்புறத்தைப் பார்ப்பது. உள்ளே மரத்தின் இயல்பான நிறம் இருக்கிறதா, கறுத்த எண்ணெய்ச் சேறு இருக்கிறதா, பழைய பசையோ எபாக்சியோ பித்தளை ஊசியோ தெரிகிறதா, குடைவின் விளிம்பு கூர்மையாக உள்ளதா நசுங்கியுள்ளதா என்பன அங்கே தெளிவாகத் தெரியும். வெளியே அழகாக மெருகிட்ட கட்டைக்கும் உள்ளே சிதைந்த கட்டைக்கும் உள்ள வேறுபாட்டை வேறெந்தச் சோதனையும் இவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

மறைக்கப்பட்ட செப்பங்களைப் பற்றியும் உங்களிடம் வெளிப்படையாகப் பேசவேண்டியுள்ளது. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, மேலே சாயம் பூசி மெருகேற்றிய விரிசல்கள் சந்தையில் குறைவில்லை. நல்ல செப்பம் என்பது காரணத்திலிருந்து தொடங்கவேண்டும்: சுண்ணப்பொடியும் மிதமான வெப்பமும் கொண்டோ தகுந்த கரைப்பானாலோ எண்ணெயை உறிஞ்சி எடுத்து, விரிசலைத் திறந்து அதன் ஆழம்வரை பசை சென்று சேரச் செய்து, தேவையான இடத்தில் வெளியே தெரியாத ஊசியால் இணைத்து, கட்டையின் தலை சட்டத்தோடு மீண்டும் முழுமையாகத் தொடும்படி எபாக்சிப் படுகை அமைத்து, பூட்டுத்தகட்டின் பின்முனைக்கும் வால்பட்டையின் நுனிக்கும் பின்னால் ஒரு தாளின் கனம் அளவுக்கு இடைவெளி விட்டால்தான் உதைப்பு மறுபடியும் தலைப்பரப்பின் வழியே செல்லும். இந்த இடைவெளியைக் குறையென்று கருதி அடைத்துவிடுவோரும் உண்டு. அவ்வாறு அடைத்தால் விரிசல் மீண்டும் திறப்பதற்கே அது வழி செய்யும். நேர்மையாகச் செய்த செப்பத்தைப் பெருமையாகச் சொல்லலாம்; மறைக்கவேண்டிய தேவை காரணத்தைத் தொடாமல் மேலே பூசியவருக்கே உண்டு.

விலையைப் பற்றிய உங்கள் வழக்கமும் திருத்தத்தை வேண்டி நிற்கிறது. பழைய துப்பாக்கியின் மதிப்பு செய்தவர், தரம், போர், குழலின் நிலை, இயக்கத்தின் நிலை, தொழிற்சாலையில் இருந்து வந்த இயல்பு எவ்வளவு எஞ்சியுள்ளது என்னும் பலவற்றின் கூட்டு. ஆகவே ஒரே விரிசல் இரு துப்பாக்கிகளில் இரு வேறு பொருள் கொள்கிறது. மிகுதியாகச் செய்யப்பட்ட ஃபீல்ட் என்னும் அடித்தரத்து எல்.சி. ஸ்மித்தில், பூட்டுத்தகட்டுக்குப் பின்னால் உள்ள மயிரிழை விரிசல் அனுபவமுள்ளோர் எதிர்பார்ப்பதே. அதற்காகச் சிறு தொகை குறைவது நியாயம். அதே அடித்தரத்தில் பிடிக்கழுத்து முறிந்திருந்தாலோ, புதிய கட்டை செய்து பொருத்தும் கூலி துப்பாக்கியின் விலையையே மிஞ்சிவிடும் என்பதால், உறுப்புகளுக்காக மட்டுமே அது விலைபோகும். கிரௌன், மோனோகிராம் போன்ற உயர்தரங்களிலும், அரிதான சிறு போர்களிலும் செப்பத்திற்கு ஆகும் செலவைத் துப்பாக்கி தாங்கும். அங்கே சேகரிப்போர் பெரும்பாலும் புதிய அழகிய கட்டையைவிட, நன்கு செப்பனிட்ட முதல் கட்டையையே விரும்புகின்றனர். எனவே எந்த விரிசல், எந்தத் தரத்தில், செப்பனிடப்பட்டதா இல்லையா, முதல் கட்டையா மாற்றப்பட்டதா என்னும் நான்கும் தெரியாமல் போடப்படும் விலை ஊகமே.

முதல் கட்டையா என்பதை அறியவும் வழி உண்டு. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் எல்.சி. ஸ்மித் தொழிற்சாலைப் பதிவேடுகள் பேணப்படுகின்றன; தொடர் எண்ணைக் கொண்டு ஒரு துப்பாக்கியின் பதிவைக் கேட்டுப் பெறலாம். பதிவேட்டில் நேர்பிடி என்று குறித்திருக்க, கையில் உள்ள கட்டை வளைந்த கைத்துப்பாக்கிப் பிடியோடு இருந்தால், அது பின்னர் மாற்றப்பட்டது என்பது விளங்கும். பூட்டுத்தகட்டைக் கழற்றும்போதே, குடைவுகளில் பழைய உளித்தடமும் காலத்தின் கறையும் உள்ளனவா, புதிய இயந்திரத் தடம் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றுக்கு நீங்கள் தரக்கூடிய மறுமொழிகள் எதிர்பார்க்கத்தக்கவை. ஒவ்வொரு துப்பாக்கியையும் கழற்ற நேரமில்லை என்பீர்கள். குழல் சுவரின் கனத்தை அளக்க நேரம் கண்டவர்களுக்கு இதற்கும் நேரம் கிடைக்கும். கழற்றினால் திருகாணியின் தலை சிதையும் என்பீர்கள். சரியான திருப்புளியும் பயின்ற கையும் இருந்தால் அது சிதையாது. தலைகள் ஏற்கனவே சிதைந்திருந்தால், பயிலாத கை ஒன்று உள்ளே சென்றிருக்கிறது என்ற எச்சரிக்கையும் வாங்குவோர் அறியவேண்டியதே. விரிசலை எழுதினால் வாங்குவோர் அஞ்சி விலகுவர் என்பது மூன்றாவது மறுமொழி. உண்மையில், ஒன்றும் எழுதப்படாத கட்டைதான் அறிந்தவர்களை அஞ்ச வைக்கிறது; தெரியாத குறைக்கு அவர்கள் மனத்திற்குள் கழிக்கும் தொகை, தெரிந்த சிறு குறைக்குக் கழிப்பதைவிடப் பெரியது. நல்ல நிலையில் உள்ள கட்டைகளும் இந்த ஐயத்தால் விலை இழக்கின்றன.

இந்த மௌனத்தால் மிகுதியாக இழப்பவர்கள் துப்பாக்கியைப் பற்றி அறியாதவர்களே. கணவரையோ தந்தையையோ இழந்து, அவர் விட்டுச்சென்ற துப்பாக்கியை உங்கள் கடைக்குக் கொண்டுவருபவர் பூட்டுத்தகடு எது, வால்பட்டை எது என்று அறியமாட்டார். தோற்றக் குறையான ஒரு சிம்பைக் காட்டிக் கட்டை போய்விட்டது என்றால் நம்பி மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். அதே துப்பாக்கி மறுநாள் வேறொருவருக்குக் குறையற்றது என்று விற்கப்படுமானால், ஒரே விரிசல் வாங்கும்போது பெரியதாகவும் விற்கும்போது சிறியதாகவும் காட்டப்படுகிறது. இது உங்களுள் அனைவரின் வழக்கமன்று. ஆயினும் எழுத்தில் பதியாத மதிப்பீடு இதற்கு இடம் தருகிறது என்பதை உங்களில் நேர்மையானவர்களும் மறுக்கமாட்டீர்கள். எழுத்தில் பதியும் மதிப்பீடு அறியாத விற்பனையாளரைக் காப்பதோடு, நேர்மையான வணிகரை மற்றவர்களோடு சேர்த்து ஐயுறும் நிலையிலிருந்தும் காக்கும்.

ஆகவே இம்மடல் உங்களைக் கேட்டுக்கொள்வது இவை. பக்கப்பூட்டு அமைப்புள்ள ஒவ்வொரு துப்பாக்கியையும் விற்பனைக்கு வைக்குமுன், உரிமையாளரின் ஒப்புதலோடு, பயின்ற ஒருவரைக் கொண்டு பூட்டுத்தகடுகளைக் கழற்றுங்கள். கட்டைத் தலையின் உட்புறத்தை இருபுறமும் படமெடுத்துக் குறிப்போடு சேருங்கள். விரிசல் இருந்தால் அது எங்கே தொடங்கி எந்தத் திசையில் எவ்வளவு ஓடுகிறது, முறுக்கும்போது திறக்கிறதா, எண்ணெய் ஊறியுள்ளதா என்பதை எழுதுங்கள். செப்பம் நடந்திருந்தால் நீங்கள் கண்டவற்றை எழுதுங்கள். காரணம் களையப்பட்டதா என்பதையும் சொல்லுங்கள். கட்டை முதலில் வந்ததா, மாற்றப்பட்டதா என்பது பற்றிய உங்கள் முடிவையும் அதற்கான அடிப்படையையும் தாருங்கள். எத்தகைய தோட்டாவுக்கு மேல் சுடவேண்டாம் என்ற அறிவுரையை ஒரு வரியில் சேருங்கள். துப்பாக்கியை உங்களிடம் கொண்டுவருபவருக்கும் அதை உங்களிடமிருந்து வாங்குபவருக்கும் ஒரே குறிப்பின் படியைக் கொடுங்கள். இரண்டிலும் விரிசல் ஒரே அளவாக இருக்கட்டும்.

ஃபுல்டன் தொழிற்சாலையின் மேசைகளில் ஒவ்வொரு கட்டையையும் குடைந்து இரும்போடு பொருத்தியவர்களின் வேலையை இப்போது சந்தையில் நிறுத்தி விலைசொல்பவர்கள் நீங்கள். அந்த வேலை பூட்டுத்தகட்டுக்கு உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து மட்டும் பார்த்து அதற்கு விலை சொல்வது அவர்களுக்கும், பணம் கொடுப்பவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது. அடுத்து உங்கள் மேசைக்கு வரும் துப்பாக்கியிலிருந்தே இந்த வழக்கத்தைத் தொடங்குங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் இம்மடல் வேண்டிக்கொள்கிறது.